"இந்திக்காரி மகளுங்க" என்று எழுதியவர்களுக்கு ஒரு டீச்சரின் பதில்



என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும், நம் சொந்தபந்தங்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் நான் நீட்டி முழக்கியதைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு லைக் மட்டும் போட வேண்டாம். யார் படித்தீர்கள், யார் படிக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் தெரியும்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. ஒண்டிக்கடை பக்கம் ஒரு அம்மாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் நிற்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிச் சீருடையில், ரெட்டைச் சடை போட்டு, புத்தகப் பை மாட்டியிருக்கிறார்கள். கீழே எழுதியிருந்தது: "இந்திக்காரி மகளுங்க. நம்ம வரிப்பணத்துல சாப்பாடு, புத்தகம், பஸ்சு. இன்னும் பத்து வருசத்துல ஏற்காடு இவங்களுது."

அதற்குப் பதினேழு பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன். அதில் ஆறு பேர் என்னிடம் அ, ஆ எழுதிப் பழகியவர்கள். இரண்டு பேருடைய மகள்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். ஒருவருடைய பேத்தி மெல்போர்னில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஆடிய வீடியோ, அதே குழுவில், அந்தப் போட்டோவுக்கு நான்கு செய்தி மேலே இருந்தது. "வெளிநாட்டில் வாழும் தமிழ்" என்று அதற்குத் தலைப்பு. நானும்தான் அதற்குக் கைதட்டினேன்.

நான்கு செய்தி தூரத்தில் நமக்கு மனசாட்சி மாறிவிடுகிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அந்தப் போட்டோவில் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களைப் போன்ற ஒருத்தியை நன்றாகத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்த பள்ளியின் பேரும் வேண்டாம்.

2014 ஜூன் மாதம். மழை தூறிக்கொண்டிருந்தது. எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் ஒரு அம்மாவையும் எட்டு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஜார்க்கண்ட், கும்லா பக்கம். காபித் தோட்டத்து லயன் வீட்டில் குடும்பமாகத் தங்கி வேலை. கையில் டிசி இல்லை, பிறப்புச் சான்று இல்லை, ஒன்றுமே இல்லை. பள்ளியில் அன்று எல்லோரும் தயங்கினோம். நானும் தயங்கினேன். பிறகு கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தோம். 2009-ல் வந்து, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்காமல் இருக்கக் கூடாது. டிசி வரத் தாமதம் என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். எந்த மாநிலத்துப் பிள்ளை என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம்.

மூன்று மாதம் அவள் வாயே திறக்கவில்லை. கடுகெண்ணெய் தேய்த்த தலை. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நம் பேரப்பிள்ளைகள் அங்கே டிபன் பாக்ஸைத் திறந்தால் சாம்பார் வாசனைக்குப் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்களாம். "இனிமே எனக்கு ரொட்டிதான் வேணும்" என்று பிள்ளை அழுவதாகச் சொல்லி, போனில் கண் கலங்குகிறோமே, அதே கதைதான் இது. மூக்கு மட்டும்தான் வேறு.

நான்காவது மாதம் அவள் பேச ஆரம்பித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. நான்காம் வகுப்பு வரும்போது சொல்வதெழுதுதலில் அவளுக்குத்தான் முதல் இடம். "வாழைப்பழம் கீழே விழுந்தது" என்று அவள் சொன்னால், நம் ஊர்ப் பிள்ளைகளை நிறுத்தி, "ழ எப்படி வருது பாருங்கடா" என்று காட்டுவேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமையில் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கு வரை அது என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

அந்த அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்து, மேஸ்திரியை வைத்துக்கொண்டு சொன்னேன். "பிள்ளைகிட்ட வீட்டுலயும் தமிழ்லயே பேசச் சொல்லுங்க. உங்க பாஷையில பேசிப் பேசிக் குழப்பாதீங்க. அப்பத்தான் முன்னுக்கு வருவா." அந்த அம்மா தலையாட்டினார். டீச்சர் சொல்லிவிட்டார் அல்லவா! தனக்கே முப்பது நாற்பது சொல்தான் தமிழ் தெரியும். அந்த முப்பது நாற்பது சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் மகளோடு எதைப் பேச முடியும்? வா, போ, சாப்பிடு, தூங்கு. அவ்வளவுதான். தாலாட்டோ, தன் தாய் சொன்ன கதையோ, ஊரில் விட்டுவந்த நிலத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்ல முடியாது. டிடிஎட் படித்த நான் அந்த வீட்டில் ஒரு தாயின் வாயைப் பூட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் ஒரு நாள் சாயங்காலம். கேட் பக்கம் நின்று அந்த அம்மா மகளைக் கூப்பிட்டார். இவள் திரும்பவில்லை. கூட இருந்த பிள்ளை, "யாருடி அது?" என்று கேட்டது. "பக்கத்து லயன்ல இருக்கறவங்க" என்றாள். என் காதால் கேட்டேன்.

இந்தக் கதையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. "இந்திக்காரி" என்று எழுதியவர் கவனமாகப் படிக்க வேண்டும்.

பள்ளியில் கண், பல் பரிசோதனை முகாம் நடந்தது. அந்த அம்மாவும் வந்திருந்தார். கண்ணைத் தொட்டுக் காட்டி "கன்" என்றார். பல்லைக் காட்டி "பல்" என்றார். ஓ, தமிழ் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். மகள் சொன்னாள், "இல்லங்க டீச்சர், அது எங்க பாஷை." எண்ணச் சொன்னேன். மூன்றுக்கு "மூந்த்". நான்குக்கு "நாக்". எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அவர்கள் பேசுவது இந்தி இல்லை. குரூக். ஒராவோன் பழங்குடி மக்களின் மொழி. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் சேர்ந்த அதே திராவிடக் குடும்பத்தின் வடக்குக் கிளை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 20 லட்சம் பேர் பேசுகிறார்கள். பேசுபவர் குறைந்துவரும் மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ அதைச் சேர்த்திருக்கிறது. எப்படிக் குறைகிறது? அந்த ஊரில் பள்ளிக்கூடம் என்றால் இந்தி, கோர்ட் என்றால் இந்தி, கடைவீதி என்றால் சாத்ரி அல்லது இந்தி. நாம் 1965-ல் எதை எதிர்த்துத் தெருவில் இறங்கினோமோ, அது அவர்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அவர்களுக்கு எதிர்க்கக்கூட ஆள் பலம் இல்லை.

அந்த மொழியில் மிச்சம் மீதி இருந்ததைக் கொண்டு ஏற்காடு மலை ஏறி வந்த பெண்ணை நாம் "இந்திக்காரி" என்கிறோம். தொலைந்துபோன நம் சித்தி மகள் வீடு தேடி வந்தால், "நீ யாருடி வடக்கத்தி?" என்று கேட்பதைப் போல இருக்கிறது. மொழிப் பற்று உள்ளவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். நம் மொழியின் உறவுக்கார மொழி பக்கத்து லயனில் மூச்சு விடுவது நமக்குத் தெரியவில்லை.

சரி, ஒருவேளை அந்தப் போட்டோவில் இருக்கும் அம்மா உண்மையிலேயே இந்தி பேசுபவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது மட்டும் அப்படி எழுதலாமா? நாம் எதிர்த்தது அதிகாரத்தில் இருப்பவர் ஒரு மொழியை நம் மேல் ஏற்றுவதை. தினக்கூலிக்குக் காபிப் பழம் பறிக்கும் பெண் நம் மேல் எதை ஏற்ற முடியும்? அவர் ஏற்றுவதெல்லாம் தன் தலையில் மூட்டைதான்.

இனி, நான் சொல்லத் தயங்கும் பகுதி.

2017 ஜனவரி. பழம் பறிக்கும் பருவம். அந்த அம்மா ஆறு மாதக் கர்ப்பம். இரண்டு நாளாக வயிற்றில் அசைவு இல்லை. புருஷன் மிளகுக்கு ஏணி தூக்கப் போயிருந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கீழே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அங்கே ஒருவருக்கும் அந்த அம்மாவின் பேச்சு புரியவில்லை. "பொண்ணு தமிழ் பேசுது" என்று மகளை உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பதினோரு வயதுப் பிள்ளையிடம் சொன்னார்கள்: "குழந்தை உயிரோட இல்லைன்னு உங்க அம்மாகிட்ட சொல்லும்மா."

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எனக்கு அந்த வார்த்தை வரல. எங்க பாஷையில அதை எப்படிச் சொல்றதுன்னு மறந்துபோச்சு. பாப்பா தூங்குதுன்னு சொல்லிட்டேன். அம்மா சிரிச்சாங்க." இரண்டு நாள் கழித்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொன்னாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

அந்த வார்த்தையை அவளிடமிருந்து எடுத்தது யார்? ஆஸ்பத்திரியா? இல்லை. "வீட்டுலயும் தமிழ்லயே பேசுங்க" என்று சொன்ன நான்.

நான் 2018-ல் ஓய்வு பெற்றேன். 2022-ல் டெக்சாஸில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போனேன். ஆறு மாதம் இருந்தேன். ஒரு நாள் நெஞ்சு படபடப்பு. மகள் ஆபீசில். மருமகன் என்னையும் ஒன்பது வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எங்களை இறக்கிவிட்டுக் கார் நிறுத்தப் போய்விட்டார். நர்ஸ் ஏதோ கேட்டாள். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், அவர்கள் பேசும் வேகம் பிடிபடாது. பேத்தி முன்னால் வந்து, "நான் சொல்றேன்" என்றாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். பிள்ளைகளை வைத்து நோயாளியிடம் பேசக் கூடாதாம். போனை எடுத்து எதையோ அழுத்தினாள். இரண்டு நிமிடத்தில், "வணக்கம் அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?" என்று யாழ்ப்பாணத் தமிழில் ஒரு குரல். எங்கேயோ உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர். காசு நான் கொடுக்கவில்லை.

பிறகு மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நாட்டில் 1964-ல் வந்த குடிமை உரிமைகள் சட்டம், அரசுப் பணம் வாங்கும் இடங்களில் பிறந்த நாட்டை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. 1974-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாத சீனப் பிள்ளைகள் தொடர்பான வழக்கில், புரியாத மொழியில் பாடம் நடத்திவிட்டு எல்லோருக்கும் ஒரே புத்தகம் கொடுத்தோம் என்று சொன்னால் அது சமம் ஆகாது என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016-ல் வந்த மருத்துவ விதி, அவசர நேரம் தவிர, சின்னப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. அமெரிக்கா சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே நம் பிள்ளைகள் என்னென்ன கேட்டுக்கொண்டு வாழ்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்று அந்தப் படுக்கையில் படுத்துக்கொண்டு நான் என் நெஞ்சைப் பற்றி நினைக்கவில்லை. "பாப்பா தூங்குது" என்ற குரல்தான் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வீட்டில் இன்னொன்றும் பார்த்தேன். என் பேத்திக்கு மூன்று வயதாகும்போது பேச்சு கொஞ்சம் தாமதம். பிள்ளைகள் காப்பகத்தில் ஒரு டீச்சர், "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும்" என்று என் மகளிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகாது என்று இன்றைக்கு மொழி ஆராய்ச்சியாளர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். ஆனால் டீச்சர் சொல்லிவிட்டார் அல்லவா! என் மகள் தலையாட்டிவிட்டாள். இன்று என் பேத்திக்கும் எனக்கும் நடுவில் முப்பது நாற்பது சொல்தான். வா, போ, சாப்பிடு, தூங்கு. ஏற்காட்டில் நான் போட்ட பூட்டு டெக்சாஸில் என் வீட்டிலேயே தொங்கியது.

நமக்கு வலித்தால்தான் வலி என்று தெரிய வேண்டுமா, பிள்ளைகளே?

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். குழுவில் நான் எதிர்த்துப் பேசியபோது வந்தவை.

"டீச்சர், அவங்க தமிழ் கத்துக்க வேண்டாமா?" கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். தமிழ் கற்பிக்கும் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது, இங்கே பள்ளியில் தமிழ் படித்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். ஆனால் தமிழை ஏற்றுவதற்குத் தாய்மொழியை இறக்கத் தேவையில்லை. பிள்ளையின் மண்டை பஸ் இல்லை, ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவருக்கு சீட் என்பதற்கு. மெல்போர்னில் உங்கள் பேத்தி ஆங்கிலத்தில் முதல் மார்க் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தமிழும் படிக்கிறாள். அதை "வேர்" என்கிறீர்கள். இவள் வீட்டில் குரூக் பேசினால் மட்டும் "ஒட்டாத கூட்டம்" ஆகிவிடுமா?

"நம்ம வரிப்பணம்!" அந்த அம்மா வாங்கும் சோப்பு, எண்ணெய், போன் ரீசார்ஜ் எல்லாவற்றிலும் வரி போகிறது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பசியைப் பார்த்துத்தான் பொங்கல் போடுகிறார்கள், ஜாதகம் பார்த்து இல்லை. ரேஷனுக்கும் சொல்கிறேன். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரிலேயே இங்கே வந்துவிட்டது. அவர்கள் ஊர் அட்டையில் உள்ள பங்கைத்தான் இங்கே வாங்குகிறார்கள். உங்கள் பங்கை அல்ல.

"நம்ம ஆளுங்க வேலையைப் பறிக்கறாங்க." என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் இப்போது பழம் பறிக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம். திருப்பூர், ஓசூர், பெங்களூரு என்று நீங்கள் இறங்கிப் போக வேண்டும் என்றுதான் நான் அடித்துப் படிக்க வைத்தேன். நீங்கள் விட்டுப்போன கூடையைத்தான் அவர்கள் எடுத்திருக்கிறார்கள். கூலி குறைகிறது என்பது உங்கள் கவலை என்றால் நியாயமான கவலை. வெளிமாநிலத் தொழிலாளருக்கு உள்ளூர்க்காரருக்குக் குறையாத கூலி தர வேண்டும் என்று 1979 சட்டமே சொன்னது. குறைத்துக் கொடுப்பவரிடம் போய்க் கேளுங்கள். வாங்குகிறவளின் மகளைப் போட்டோ எடுப்பது வீரம் இல்லை.

"வதந்தி இல்ல டீச்சர், நெட்டுல வருது." நெட்டில் வருவதா? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோ பரப்பினார்கள். எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள்! பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்கு "நம்மளப் பத்தி இப்படிப் பொய் சொல்றாங்களே" என்று கொதித்தீர்கள். இப்போது அதே வேலையை மறுபக்கம் திருப்பிச் செய்கிறீர்கள்.

"இது நம்ம மலை." யாருடைய மலை? சேர்வராயன் கோயிலுக்கு மே மாதம் போகிறோமே, அந்தச் சாமியைக் காலங்காலமாகக் கும்பிடும் மலையாளிப் பழங்குடிகளைக் கேளுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் தங்கினார்கள், அவர்கள் வம்சம்தான் நாங்கள் என்று கதை சொல்வார்கள். இந்த மலையின் மூத்த குடியே தன்னை "வந்தவர்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்கிறது. 1820 வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை காபியைக் கொண்டுவந்தார். காபியே வெளியூர்ச் செடி. பிறகு அதற்குக் குழி வெட்டவும் களை எடுக்கவும் கீழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் நம்மில் பாதிப் பேர். என் அப்பா வழித் தாத்தா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து நடந்து ஏறி வந்தவர். குழுவில் சிரித்த பதினேழு பேரில் எட்டுப் பேருக்கு அவர்தான் கொள்ளுத்தாத்தா.

அது மட்டுமா? இதே சேலம் ஜில்லாவிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கூட்டம் கூட்டமாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். நூறு வருடத்துக்கு மேல் அந்த மலைகளில் உழைத்தவர்களை 1948 சட்டம் குடியுரிமை இல்லாதவர்கள் ஆக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு செய்தார்கள். திரும்பி வந்தவர்களை நாம் என்ன செய்தோம்? "சிலோன்காரங்க" என்று தனியாக வைத்தோம். தமிழ் பேசிக்கொண்டு வந்தவர்களையே! நமக்குப் பிரச்சினை மொழி இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நம் ஜனம் இலங்கைக்குப் போன அதே காலத்தில், அதே வெள்ளைக்காரத் தோட்டங்களுக்காக, ஒராவோன் மக்களை அஸ்ஸாமுக்கு அழைத்துப் போனார்கள். ஒரே கதை. இரண்டு திசை.

அந்தப் பெண்ணைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில், மே மாதம், தொழிலாளர் ரயிலில் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டாள். தொடர்பு விட்டுப்போனது. போன வருடம் திடீரென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. ழகரம் அப்படியே இருந்தது.

"டீச்சர், நான் ராஞ்சில காலேஜ் படிக்கறேன். இங்க என்னை எல்லாரும் மதராசின்னு கூப்பிடறாங்க. பாட்டி பேசறது பாதி புரியல. இப்பத்தான் அம்மாகிட்ட எங்க பாஷையை மறுபடியும் கத்துக்கறேன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை, நோட்டுல எழுதறேன். தமிழ் எழுத்துலதான் எழுதறேன் டீச்சர், அதுதான் வேகமா வருது."

பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அம்மா இன்னமும் சில நேரம் கேக்கறாங்க, அன்னிக்கு ஏன் தூங்குதுன்னு சொன்னேன்னு. இப்ப எனக்கு அந்த வார்த்தை தெரியும் டீச்சர்" என்றாள்.

நான் பதில் அனுப்ப இரண்டு நாள் ஆனது. "நான் உங்க அம்மாகிட்ட சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ கண்ணு" என்று மட்டும் அனுப்பினேன். அவள் அம்மாவிடம் அதைக் குரூக்கில் சொன்னாளாம். அம்மா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நாற்பது வருடம் நெருங்க வேலை பார்த்த ஒரு டீச்சர் தன் தப்பைப் பொதுவில் ஒப்புக்கொள்கிறேன் என்றால், அதற்கு உங்களிடம் கூலி கேட்கவும் உரிமை உண்டு. கேட்கிறேன்.

ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே: சான்று இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். தமிழை நன்றாகச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் எந்தத் தாயிடமும் "உங்கள் பாஷையில் பேசாதீர்கள்" என்று சொல்லாதீர்கள். மாதம் ஒரு நாள் அந்த அம்மாவை வகுப்புக்கு அழைத்து ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். மகள் தமிழில் மாற்றிச் சொல்லட்டும். அந்த ஒரு நாளில் மகளுக்குத் தாய் மேல் இருக்கும் கூச்சம் போய்விடும்.

நர்ஸாகவும் ஆஸ்பத்திரி ஊழியராகவும் இருக்கும் என் பிள்ளைகளே: எட்டு வயது, பத்து வயதுப் பெண்ணை வைத்து ஒரு தாயிடம் பிரசவச் செய்தி, சாவுச் செய்தி சொல்லாதீர்கள். உங்கள் கையில் போன் இருக்கிறது. மேஸ்திரிக்குப் போடுங்கள், தோட்டத்தில் தமிழ் தெரிந்த பெரிய பெண் யாராவது இருப்பார், அவரைப் பிடியுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும். அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆயுசு மிச்சமாகும்.

எஸ்டேட்டில் ரைட்டராக, சூப்பர்வைசராக இருப்பவர்களே: ஜூன் மாதம் லயனில் எத்தனை பிள்ளைகள் பள்ளி வயதில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பள்ளிக்குச் சொல்லுங்கள். கூடையை எண்ணத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளைகளை எண்ணத் தெரியாதா?

வெளிநாட்டில் இருக்கும் மகள்களே: உங்கள் பிள்ளைகளோடு வீட்டில் தமிழில் பேசுங்கள். யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதீர்கள். உங்கள் அம்மாவோடு உங்கள் மகள் பேச முடியாமல் போனால், அந்த இழப்பை எந்தப் பள்ளிக்கூடமும் ஈடு செய்யாது. அங்கே உங்களுக்கு என்ன மரியாதை வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களோ, அதை இங்கே உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்களா என்று போனில் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் உறைக்கும்.

கடைசியாக, அந்தப் போட்டோ போட்டவருக்கு. உன் பேரை இங்கே எழுத மாட்டேன். உனக்கே தெரியும். நீ மூன்றாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். யாரைக் கேட்டு அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் போட்டாய்? உன் மகளை யாரோ ஒருவன் அங்கே பஸ் ஸ்டாப்பில் படம் எடுத்து, "இந்தியாக்காரி" என்று எழுதிப் போட்டால் நீ தூங்குவாயா? இன்று ராத்திரிக்குள் அதை எடுத்துவிடு. எடுத்துவிட்டால் நாளைக் காலையில் வீட்டுக்கு வா, காபி போட்டு வைக்கிறேன். எடுக்கவில்லை என்றாலும் வா. ஆனால் காபி கிடைக்காது, பேச்சுதான் கிடைக்கும்.

மற்றவர்கள் கமெண்டில் திட்டலாம். எழுத்துப்பிழை இல்லாமல் திட்டுங்கள். "வந்தேறி"க்கு எந்த றி என்பதைச் சரியாக எழுதினீர்களா என்று முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஏற்காடு